வயது ஏற ஏற ஆணின் கண் எதைத் தேடுகிறது?

உகாண்டா நாட்டின் கிபாலே தேசியப் பூங்காவில் கன்யவாரா என்றொரு சிம்பன்சிக் கூட்டம் வாழ்கிறது. மார்ட்டின் முல்லர், மெலிசா எமரி தாம்சன், ரிச்சர்ட் ராங்கம் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கூட்டத்தைப் பல ஆண்டுகள் கவனித்து, 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்தக் கூட்டத்தின் ஆண்கள், இளம் பெண் சிம்பன்சிகளைவிட மூத்தவற்றையே அதிகம் நாடின. மூத்த பெண்களை அவை அதிகமாக நெருங்கின, அவற்றுக்காகவே அதிகமாகச் சண்டையிட்டன. கூட்டத்தில் அதிகாரம் மிகுந்த ஆண்களின் தேர்வும் அதுதான். தோல் சுருங்கி, ஆங்காங்கே முடி உதிர்ந்து, காது மடல் கிழிந்துபோன பெண் சிம்பன்சி அங்கே பேரழகி.

மரபணு வழியில் நமக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சி. அங்கே ஒரு வழக்கம், இங்கே நேர் எதிரான வழக்கம் என்றால், "ஆண் என்றாலே இளமையைத்தான் தேடுவான், அது இயற்கையின் சட்டம்" என்ற பேச்சு ஆட்டம் காண்கிறது. மனித ஆணின் கண்ணில் இளமைக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று தனியாகக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது. ஆண் சிம்பன்சி எந்தப் பெண்ணோடும் நிலையாகச் சேர்ந்து வாழ்வதில்லை. கூடும் சில நாட்களோடு உறவு முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கருத்தரிக்க வல்லவளா, பிறக்கும் குட்டியைக் காப்பாற்றி வளர்ப்பாளா என்பதே அதற்கு முக்கியம். பல குட்டிகளை வளர்த்துக் காட்டிய மூத்த தாய் அந்தச் சோதனையில் தேறியவள். மனிதக் கதை வேறு. நம் இனத்தில் ஆணும் பெண்ணும் பல பத்தாண்டுகள் சேர்ந்திருந்து பிள்ளைகளை வளர்க்கிறார்கள். பெண்ணின் கருவளமோ ஐம்பதை ஒட்டி முடிந்துவிடுகிறது. நெடுங்காலத்துக்குத் துணை தேடும் ஒருவனுக்கு, இன்னும் எத்தனை ஆண்டுக் கருவளம் மிச்சமிருக்கிறது என்பது பரிணாமக் கணக்கில் முக்கியமாகிவிடுகிறது. அந்தக் கணக்கை அவன் அறிவால் போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த ஈர்ப்பு போடுகிறது.

அப்படியானால் இளமையின் மீதான நாட்டம், சேர்ந்து வாழும் வழக்கத்தின் பக்கவிளைவு. சேர்ந்து வாழும் வழக்கம் அத்தோடு நின்றுவிடவில்லை. வயதைத் தாண்டிப் பார்க்கும் இன்னொரு பார்வையையும் அது ஆணுக்குத் தந்திருக்கிறது. இவ்விரண்டில் முதலாவதைப் பற்றி மட்டுமே ஊரெல்லாம் பேச்சு. அழகு சாதன வணிகமும் அதை வைத்தே நடக்கிறது. அறிவியலோ இரண்டையும் அளந்திருக்கிறது.

முகத்தில் வயது எங்கே தெரிகிறது?

முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒருவரின் வயதை ஓரளவு சரியாகச் சொல்லிவிடுகிறோம். எதை வைத்து? சுருக்கம், நரை என்று சட்டென்று சொல்லத் தோன்றும். மூளை அவற்றைவிட நுட்பமான குறிகளையும் படிக்கிறது.

முதலாவது, தோலின் நிறம் சீராக இருப்பது. பெர்ன்ஹார்ட் ஃபிங்க், கார்ல் கிராமர், பால் மாட்ஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பல வயதுப் பெண்களின் தோல்நிறப் பரவலை மட்டும் படமெடுத்து, ஒரே முகவடிவத்தின் மேல் பொருத்தினார்கள். முகவெட்டு எல்லாவற்றிலும் ஒன்றே, சுருக்கம் எதிலும் இல்லை. தோலின் நிறப் பரவல் மட்டுமே மாறியது. ஆனாலும் பார்த்தவர்கள் அந்த முகங்களுக்கு வெவ்வேறு வயது சொன்னார்கள். நிறம் சீராகப் பரவியிருந்த முகங்களை இளமையானவை, நலமானவை, அழகானவை என்று மதிப்பிட்டார்கள். நிறம் திட்டுத்திட்டாக மாறுவதற்குப் பெருங்காரணம் வெயில். புற ஊதாக் கதிர் பல ஆண்டுகளாகத் தோலில் செய்யும் சேதம் மெல்ல மெல்ல முகத்தில் எழுதப்படுகிறது.

இரண்டாவது, முகத்தின் வேறுபாட்டு அளவு. கண், புருவம், உதடு ஆகியவை சுற்றியுள்ள தோலிலிருந்து எவ்வளவு எடுப்பாகத் தெரிகின்றன என்பதே அது. வயது ஏறும்போது உதட்டின் சிவப்பு குறைகிறது, புருவம் வெளிறுகிறது, கண்ணோரம் மங்குகிறது. அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் கல்லூரி உளவியலாளர் ரிச்சர்ட் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் படங்களில் இந்த வேறுபாட்டைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள். கூட்டினால் அதே முகம் இளமையாகத் தெரிந்தது, குறைத்தால் மூப்பாகத் தெரிந்தது. சீனா, லத்தீன் அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ் எனப் பல நாட்டுப் பெண்களின் முகங்களிலும் இந்த மாற்றம் இருப்பதை 2017இல் உறுதிசெய்தார்கள். கண்ணுக்கு மை தீட்டுவதும் உதட்டைச் சிவக்க வைப்பதும் ஏன் இத்தனை நாகரிகங்களில் தனித்தனியாகத் தோன்றின என்பதற்கு இது ஒரு நல்ல விடை. நம் பாட்டிமார் விளக்கெண்ணெய்த் திரியில் பிடித்த மையும், வெற்றிலை போட்டுச் சிவந்த வாயும் இதே வேலையைத்தான் செய்தன.

மூன்றாவது, உள்ளே நிகழும் மாற்றங்கள். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் இருபதுகளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் வீழ்வதால், தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடுகிறது. கன்னத்தின் கொழுப்பு கீழே சரிகிறது. எலும்பும் மாறுகிறது: கண்குழி அகலமாகிறது, தாடை எலும்பு தேய்கிறது. இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரத் தொடங்குகிறது. குரல் கொஞ்சம் தடிக்கிறது.

இவை உடலின் இயல்பான போக்கு. யாருடைய குறையும் அன்று. ஆனால் இந்தக் குறிகளைப் படிக்க ஆணின் மூளை பழகியிருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. அந்தப் படிப்பு எவ்வளவு ஆழமானது, எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

புகைப்படத்தைப் பார்க்கும் கண்

அமெரிக்க உளவியலாளர் டேவிட் பஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். 33 நாடுகளில், 37 பண்பாட்டுக் குழுக்களில், 10,047 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எல்லாக் குழுக்களிலும் ஆண்கள் தம்மைவிட இளைய மனைவியையே விரும்பினார்கள். சராசரி வேறுபாடு இரண்டரை ஆண்டுக்குச் சற்று அதிகம். ஆனால் சராசரிக்குள்ளே பெரும் விரிவு இருந்தது. ஜாம்பியாவில் ஆண்கள் கேட்ட இடைவெளி ஏழு ஆண்டுக்கு மேல், ஃபின்லாந்தில் ஓர் ஆண்டுகூட இல்லை. இந்த ஆய்வை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது. துணையிடம் எதிர்பார்க்கும் பண்புகளை வரிசைப்படுத்தச் சொன்னபோது, ஆண்களும் பெண்களும் அன்பையும் அறிவையும் அழகுக்கு மேலே வைத்தார்கள்.

1992இல் டக்ளஸ் கென்ரிக்கும் ரிச்சர்ட் கீஃபும், ஆணின் வயதோடு இந்த விருப்பம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். பல நாட்டுப் பத்திரிகைகளின் துணை தேடும் விளம்பரங்களைத் திரட்டினார்கள். இந்திய நாளிதழ்களின் மணமகள் தேவை விளம்பரங்களும் அவற்றில் இருந்தன. இருபதுகளில் உள்ள ஆண்கள் தம் வயதையொட்டி, ஓரிரு ஆண்டு முன்னும் பின்னுமாகத் துணை தேடினார்கள். நாற்பதில் இருப்பவர்களின் தேடல் பல ஆண்டு கீழே இறங்கியது. அறுபதில் அந்த இடைவெளி இன்னும் அகன்றது. அதாவது, ஆணின் வயது ஏறுகிறது, அவன் விரும்பும் வயதும் கூடவே ஏறுகிறது, ஆனால் மெதுவாக.

இணையம் வந்தபின் இன்னும் கூர்மையான தரவு கிடைத்தது. ஓகேக்யூபிட் என்னும் துணை தேடும் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர், அந்தத் தளத்தில் ஆண்கள் கொடுத்த மதிப்பெண்களை 2014இல் ஒரு நூலாக வெளியிட்டார். எந்த வயதுப் பெண்ணின் தோற்றம் மிக அழகு என்பதில், இருபது வயது ஆணும் ஐம்பது வயது ஆணும் ஒரே இடத்தைத் தொட்டார்கள்: இருபதுகளின் முதல் பாதி. இந்த வரைபடம் உலகெங்கும் சுற்றியது. ஆண் மாறவே மாட்டான் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டினார்கள்.

ஆனால் அந்த மதிப்பெண் எதை அளந்தது? முன்பின் அறியாத ஒருத்தியின் படத்தைச் சில நொடி பார்த்து ஒருவன் அழுத்திய பொத்தானை. அங்கே மூளைக்குக் கிடைப்பது தோல், உதடு, கன்னம் மட்டுமே. பேச்சு இல்லை, நகைச்சுவை இல்லை, கடந்த காலம் இல்லை. வயதின் குறிகளைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் மதிப்பிடச் சொன்னால், விடையும் வயதைப் பற்றியே வரும்.

நேரில் பார்க்கும் கண்

கேள்வியைக் கொஞ்சம் மாற்றினாலே விடை மாறுகிறது. நெதர்லாந்தில் பிராம் புங்க் தலைமையிலான குழு 20, 30, 40, 50, 60 வயதுகளில் உள்ளவர்களிடம் ஐந்து தனித்தனிக் கேள்விகள் கேட்டது: திருமணத்துக்கு எந்த வயது, நிலையான உறவுக்கு எந்த வயது, காதலில் விழ எந்த வயது, தற்காலிக உறவுக்கு எந்த வயது, கற்பனைக்கு எந்த வயது. 2001இல் வெளிவந்த முடிவில், கற்பனையிலும் தற்காலிக உறவிலும் மட்டும் முதிய ஆண்களும் இளம் பெண்களிடமே போனார்கள். திருமணம், நிலையான உறவு என்று வந்ததும் அவர்கள் சொன்ன வயது தங்கள் வயதை ஒட்டி ஏறியது. மூத்த ஆண், கருவளத்தின் உச்சத்தை வெகுவாகத் தாண்டிய வயதுப் பெண்ணைத்தான் துணையாகக் கேட்டான். கருவளக் கணக்கு மட்டுமே ஆணை ஆட்டுவிக்கிறது என்றால் இந்த விடை வந்திருக்கக் கூடாது.

ஃபின்லாந்தின் ஆபோ அகாதெமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் அன்ட்ஃபோல்க் 2017இல் இதை இன்னும் தெளிவாக்கினார். வயது ஏற ஏற ஆணின் விருப்பம் ஒரு வயதை விட்டு இன்னொரு வயதுக்கு நகர்வதில்லை, அது விரிகிறது என்பது அவர் கண்டது. இளம் பெண்கள் மீதான நாட்டம் தொடர்கிறது. கூடவே தன் வயதையொத்த பெண்கள் மீதும் நாட்டம் பிறக்கிறது. இருபத்தைந்து வயதில் ஐம்பது வயதுப் பெண்ணை நாடாத அதே கண், ஐம்பதில் நாடுகிறது. அந்த ஆண்களின் நிஜ வாழ்க்கை உறவுகளும் பெரும்பாலும் சம வயதில்தான் இருந்தன.

மூத்த கண்ணுக்கு மூத்த முகத்தின் அழகு தெரிகிறது என்பதை வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் பால் ஃபூஸும் செரி கிளார்க்கும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இளையோர், நடுவயதினர், முதியோர் என மூன்று வகை முகங்களை மூன்று வயதினரிடமும் காட்டினார்கள். இளம் முகங்களுக்கு எல்லோரும் நல்ல மதிப்பெண் தந்தார்கள். ஆனால் மூத்த முகங்களுக்கு இளையவர்கள் தந்ததைவிட மூத்தவர்கள் கூடுதலாகத் தந்தார்கள். தினமும் தன் வயதுக்காரர்களோடு பழகும் மூளை, அந்த முகங்களுக்குள்ளே இருக்கும் வேறுபாடுகளையும் நயங்களையும் பார்க்கக் கற்றுக்கொள்வது காரணமாக இருக்கலாம்.

ஹார்மோனுக்கும் இதில் பங்கு உண்டு. ஆணின் டெஸ்டோஸ்டீரோன் முப்பதுகளுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு வீதம் குறைகிறது. உர்சுலா மார்சின்கோவ்ஸ்காவும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் பல வயது ஆண்களிடம் பெண் முகங்களின் இரண்டு வடிவங்களைக் காட்டினார்கள். ஒன்றில் பெண்மைச் சாயல் கூட்டப்பட்டிருந்தது: பெரிய கண், சிறிய மோவாய், மெல்லிய தாடை. இன்னொன்றில் குறைக்கப்பட்டிருந்தது. கூட்டப்பட்ட முகத்தின் மீதான விருப்பம் வயதான ஆண்களிடம் குறைந்திருந்தது. மிகைப்படுத்திய பெண்மைக்கு மயங்கும் பழக்கம் வயதோடு தளர்கிறது.

ஆஸ்திரேலியாவில் 18 முதல் 65 வயது வரையிலான 7,325 பேரிடம் ஸ்டீபன் வைட் குழு நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. தோற்றம், உடற்கட்டு, படிப்பு, வருமானம், நம்பகம், மனம் திறந்து பழகுதல் போன்ற ஒன்பது பண்புகளுக்கு மதிப்பெண் கேட்டார்கள். தோற்றத்துக்கும் உடற்கட்டுக்கும் பெண்களைவிட ஆண்கள் அதிக மதிப்பெண் தந்தது எதிர்பார்த்ததே. ஆனால் அந்த முனைப்பு இளம் ஆண்களிடம்தான் ஓங்கியிருந்தது. வயது ஏறியவர்களிடம் நம்பகமும் மனம் திறந்து பழகுதலும் மேலே வந்தன.

எல்லாவற்றையும்விட என்னைச் சிந்திக்க வைத்தது 2025இல் வெளிவந்த ஆய்வு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பால் ஈஸ்ட்விக்கும் உடன் ஆய்வாளர்களும், துணை தேடித் தரும் ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முதல் சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். 22 முதல் 85 வயது வரையிலான 6,262 பேர் அதில் இருந்தார்கள். சந்திப்புக்கு முன் ஆண்கள் இளையவரையும் பெண்கள் மூத்தவரையும் கேட்டார்கள். நேரில் சந்தித்தபின் யாருக்கு யாரைப் பிடித்தது என்று பார்த்தால், இருபாலரும் ஒரே அளவில், மிகச் சிறிய அளவில், இளையவர் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடே இல்லை. மேசைக்கு எதிரே ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கிவிட்டால், வயது என்னும் எண்ணின் ஆட்சி பெருமளவு கரைந்துவிடுகிறது.

ஊரும் பசியும் சேர்ந்து வரையும் அழகு

உடல்வாகின் கதையிலும் இதே பாடம்தான். இந்தியாவில் பிறந்து டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தேவேந்திர சிங், இடையின் சுற்றளவை இடுப்பின் சுற்றளவால் வகுத்து வரும் எண்ணை வைத்து 1993இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அந்த எண் 0.7 அருகே இருக்கும் பெண் உருவங்களை ஆண்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்றார். மாதவிடாய் நின்றபின் வயிற்றில் கொழுப்பு சேர்ந்து இந்த எண் ஏறுவதால், இதுவும் வயதைக் காட்டும் குறி என்று கருதினார்கள்.

1998இல் டக்ளஸ் யூவும் க்ளென் ஷெப்பர்டும் பெரு நாட்டு மழைக்காட்டில், வெளியுலகத் தொடர்பு மிகக் குறைந்த மட்சிகென்கா மக்களிடம் இந்தப் படங்களை எடுத்துச் சென்றார்கள். அங்கே ஆண்களுக்குப் பிடித்தது தடித்த இடையும் பருத்த உடலும். நகரத்துக்கு அருகே குடிவந்த அதே இனத்தாரின் ரசனையோ மேற்கத்திய ரசனையை நோக்கி நகர்ந்திருந்தது. தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களிடம் பருமனான உடல் நலத்தின் அடையாளம். அவர்களில் பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களின் விருப்பம் மெலிந்த உடலை நோக்கி மாறியதை மார்ட்டின் டொவீ, விரேன் சுவாமி ஆகியோரின் குழு 2006இல் காட்டியது. ஊர் மாறக்கூட வேண்டாம். அதே ஆண்டு சுவாமியும் டொவீயும், பல்கலைக்கழக உணவுக்கூடத்துக்குள் பசியோடு நுழையும் ஆண்களிடமும், சாப்பிட்டு வெளியே வரும் ஆண்களிடமும் ஒரே படங்களைக் காட்டினார்கள். பசித்தவர்கள் சற்றுப் பருமனான பெண்களை அழகென்றார்கள். ஒருவேளைச் சோறு அசைத்துவிடும் அளவுகோலை இயற்கையின் நிலைத்த தீர்ப்பாகக் கொள்ள முடியாது.

வயது இடைவெளிக்கும் சமூகம் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. 45 நாடுகளில் 14,399 பேரிடம் கேத்ரின் வால்டர் தலைமையில் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆண்-பெண் சமத்துவம் மிகுந்த நாடுகளில் துணைவர்களின் வயது நெருங்கி வந்திருந்தது. பெண்ணுக்குச் சொந்த வருமானமும் சொந்த முடிவும் இருக்கும் இடத்தில், மூத்த ஆணைச் சார்ந்து நிற்கும் தேவை குறைகிறது. ஆணும் தன் வயதுக்காரியைச் சமமான துணையாகக் காணப் பழகுகிறான். ஜாம்பியாவுக்கும் ஃபின்லாந்துக்கும் இடையே பஸ் கண்ட தூரத்தில் பெரும்பகுதி உயிரியலில் இல்லை, வாழ்க்கை அமைப்பில் இருக்கிறது.

பழகிய கண்

இதுவரை சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் அந்நியரை அந்நியர் பார்ப்பதைப் பற்றியவை. வாழ்க்கையில் நாம் அதிகம் பார்ப்பது அந்நியரையா? மனைவி, தோழி, உடன் வேலை செய்பவர், அண்டை வீட்டார் என்று தெரிந்த முகங்களைத்தானே?

கெவின் நிஃபினும் டேவிட் ஸ்லோன் வில்சனும் 2004இல் இதை எளிய முறையில் சோதித்தார்கள். தொல்லியல் அகழாய்வுப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள், ஒருவரையொருவர் அறியாத முதல் நாளிலேயே மற்றவர்களின் தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். ஆறு வாரம் சேர்ந்து மண் தோண்டியபின் மறுபடியும் போட்டார்கள். கேட்டது உடல் தோற்றத்தைப் பற்றி மட்டுமே. ஆனால் கடைசி நாளில், நன்றாக உழைத்தவர்களும் எல்லோருக்கும் பிடித்தவர்களும் அழகாகியிருந்தார்கள். இதை வெறும் முகத்தாட்சணை என்று ஒதுக்க முடியாது. விடைத்தாளை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. ஒருவரைப் பற்றி அறிந்தது, அவரைக் காணும் காட்சியையே மாற்றிவிடுகிறது.

லூசி ஹன்ட், பால் ஈஸ்ட்விக், எலை ஃபிங்கல் ஆகியோர் 2015இல் 167 ஜோடிகளை ஆராய்ந்தார்கள். சந்தித்த உடனே உறவைத் தொடங்கியவர்கள், பிறர் கண்ணுக்கு அழகில் ஒருவருக்கொருவர் பொருத்தமாக இருந்தார்கள். நெடுநாள் நண்பர்களாகப் பழகி, பிறகு ஜோடி சேர்ந்தவர்களிடம் அந்தப் பொருத்தம் மிகவும் குறைந்தது. பழக்கம் ஏற ஏற, ஊரார் ஒப்புக்கொள்ளும் அழகு பின்னுக்குப் போய், தனக்கு மட்டுமே தெரியும் அழகு முன்னுக்கு வருகிறது.

அதே ஆண்டு லாரா ஜெர்மைன் குழு, ஒருகரு இரட்டையர் 547 ஜோடி, இருகரு இரட்டையர் 214 ஜோடியிடம் முகங்களைக் காட்டி மதிப்பெண் வாங்கியது. எந்த இருவரை எடுத்தாலும் அவர்களின் முக ரசனையில் ஏறத்தாழ பாதிதான் பொதுவானது. மிச்சப் பாதி தனி மனிதருக்கு உரியது. அந்தத் தனி ரசனை மரபணுவிலிருந்து வந்திருந்தால், ஒருகரு இரட்டையரின் ரசனை அதிகம் ஒத்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு ஒத்திருக்கவில்லை. யாரோடு வளர்ந்தோம், யாரை நேசித்தோம், எந்த முகம் நமக்கு ஆறுதலாக இருந்தது என்ற சொந்த அனுபவமே அதைப் பெரும்பாலும் செதுக்குகிறது.

இனி மூளைக்குள் போவோம். பியான்கா அசெவெடோ, ஆர்தர் ஆரன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் ஆகியோர், சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்வு வாழ்ந்தும் துணை மீது இன்னும் தீவிரக் காதல் இருப்பதாகச் சொன்ன 17 பேரை மூளை ஸ்கேன் செய்தார்கள். கணவரின் அல்லது மனைவியின் இன்றைய முகத்தைக் காட்டியதும், மூளையின் நடுப்பகுதியில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கும் இடம் விழித்தது. புதிதாகக் காதலில் விழுந்தவர்களின் மூளையில் விழிப்பதும் அதே இடம்தான். கூடவே, தாய்-சேய் பாசத்தோடு தொடர்புள்ள பகுதிகளும் விழித்தன. பங்கேற்றவர்கள் குறைவு, காதல் குன்றாதவர்களைத் தேடிப் பிடித்துச் செய்த சோதனை என்பதால் எல்லா மணவாழ்வுக்கும் இதைப் பொருத்தக் கூடாது. ஆனால் இருபது ஆண்டு மூத்துவிட்ட ஒரு முகம் அதே கிளர்ச்சியைத் தர முடியும் என்பதற்கு இது போதுமான சான்று.

பல பத்தாண்டுகள் சேர்ந்திருந்து பிள்ளை வளர்க்கும் உயிரினத்துக்கு இந்த ஏற்பாடு இன்றியமையாதது. முதல் பார்வையில் இளமையைத் தேடச் சொல்லும் ஈர்ப்பு மட்டுமே இருந்திருந்தால், சேர்ந்த சில ஆண்டுகளிலேயே ஜோடிகள் பிரிந்திருக்கும், பிள்ளைகள் கைவிடப்பட்டிருப்பார்கள். தேர்ந்தெடுக்க ஒரு கண், தேர்ந்தபின் தக்கவைக்க ஒரு கண். மனிதனின் பரிணாமம் இரண்டையும் வைத்துக்கொண்டது.

அச்சத்தின் விலை

இந்த இரண்டாம் பார்வையைப் பற்றிப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை. 1972இலேயே அமெரிக்க எழுத்தாளர் சூசன் சோன்டாக், மூப்பை அளக்க ஆணுக்கு ஓர் அளவுகோல், பெண்ணுக்கு வேறு அளவுகோல் இருப்பதைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். நரைத்த ஆணை முதிர்ச்சி என்கிறோம், நரைத்த பெண்ணை முடிந்த கதை என்கிறோம். நம் திரைப்படங்களில் அறுபதைக் கடந்த நாயகனுக்கு இருபதுகளில் உள்ள நாயகி ஜோடி. அவனுடைய வயதுக்கார நடிகைக்கு அம்மா வேடம். அன்றாடம் இதைப் பார்த்து வளரும் கண், இதையே இயற்கை என்று நம்பிவிடுகிறது.

அந்த நம்பிக்கை மனத்தை மட்டும் வாட்டுவதில்லை, உடலையும் கெடுக்கிறது. தோலின் நிறம் சீராக இருப்பது இளமைக் குறி என்று ஆய்வு சொன்னதை, தோல் வெளுப்பாக இருப்பதுதான் அழகு என்று சந்தை திரித்து விற்கிறது. இரண்டும் முற்றிலும் வேறு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021க்கும் 2023க்கும் இடையே, சிறுநீரக வடிகட்டிகளைத் தாக்கும் ஒரு நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்களைப் பூசியவர்கள். மருத்துவர்கள் சந்தேகித்தது அந்தக் கிரீம்களின் பாதரசத்தை. இல்லாத குறைக்கு மருந்து தேடிப்போய், நன்றாக இருந்த சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலை இது. தோலைக் காக்க விரும்புகிறவர்களுக்கு அறிவியல் சொல்லும் வழி எளியது, மலிவானது: உச்சி வெயிலைத் தவிர்ப்பது, குடையோ தொப்பியோ பிடிப்பது, புகைக்காமல் இருப்பது, நன்றாகத் தூங்குவது.

ஆண்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. கைப்பேசித் திரையில் நாள் முழுக்க, வடிகட்டி போட்டு மெருகேற்றிய இளம் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பவன், தன் முதல் பார்வைக்கு மட்டும் தீனி போடுகிறான். மேலே கண்ட ஆய்வுகளின்படி ரசனை பழக்கத்தால் செதுக்கப்படுவது. எதைப் பார்க்கப் பழகுகிறோமோ அதன் அழகே நமக்குப் புலப்படுகிறது. எதிரே இருப்பவளின் பேச்சைக் கேட்க, அவளுடைய உழைப்பைக் கவனிக்க, அவள் சிரிக்கும்போது முகம் மாறும் விதத்தைப் பார்க்க நேரம் ஒதுக்குகிறவனுக்கு, அறுபதிலும் அவளுடைய அழகு கண்ணில் படும். அவன் பார்ப்பது உண்மையான உடலழகுதான், கருணையால் அவளுக்கு வழங்கும் சலுகை இல்லை.

ஒரு பெண் நாற்பத்தைந்தில் கண்ணாடி முன் நின்று, இனி என்னை யாருக்குப் பிடிக்கும் என்று கேட்டால், அறிவியல் அவளுக்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய விடை இது. உன்னை அறியாத ஒருவன் உன் புகைப்படத்துக்குத் தரும் மதிப்பெண் குறையலாம். அது உண்மை. உன்னோடு பேசுகிறவன், உன்னோடு வேலை செய்கிறவன், உன்னோடு வாழ்கிறவன் தரும் மதிப்பெண் வேறு கணக்கில் நடக்கிறது. அந்தக் கணக்கில் வயது கழித்தல் குறி ஆவதில்லை. வாழ்நாளில் நமக்கு வேண்டியவர்கள் எல்லோரும் இந்த இரண்டாம் கணக்கில் இருப்பவர்களே.